வாழைக்கு ஒரு கணக்கு, நெல்லுக்கு ஒரு கணக்கு

திருவையாற்றுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் ஆற்றங்கரை ஓரமாக வாழை, அதைத் தாண்டி உள்ளே போனால் நெல். எங்கள் தெருவில் ஒரு மாமாவுக்கு இரண்டும் உண்டு. போன தையில், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கையில் சில கதிர்களோடு வந்தார். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம்தான் வரும்.

"தம்பி, நான் போட்டது வெள்ளைப் பொன்னி. நாலு வருஷமா வீட்டு விதைதான். இதப் பாரு" என்று இரண்டு கதிர்களிலிருந்து நெல்லை உரித்துக் காட்டினார். ஒரு கதிரில் எல்லாமே வெள்ளை அரிசி. இன்னொன்றில் எல்லாமே சிவப்பு. "பக்கத்து வயல்ல மாப்பிள்ளைச் சம்பா. அதுலேர்ந்து வந்து கலந்திருக்குமா? கலந்துதுன்னா போன வருஷமே தெரிஞ்சிருக்கணுமே? வாழையும்தான் முப்பது வருஷமா வச்சிருக்கேன். பூவன் பூவனாவேதானே இருக்கு?"

கலந்திருக்குமா, கலந்திருந்தால் ஏன் ஒரு வருஷம் ஒளிந்திருந்தது, வாழை மட்டும் ஏன் மாறவில்லை. மரபியலின் முதல் பாடம் முழுவதும் இந்தக் கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் செல். வெங்காயத் தோலைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செங்கல் அடுக்கியதுபோல அறை அறையாக இருக்கும். அந்த அறைதான் செல். ஒவ்வொன்றுக்குள்ளும் உட்கரு என்று ஒரு புள்ளி. அதற்குள் இழை இழையாக இருப்பவை குரோமோசோம்கள். ஒரு குரோமோசோம் என்பது டிஎன்ஏ என்ற மிக நீண்ட இழை, புரதங்களின் மேல் சுற்றிச் சுற்றிச் சுருட்டி வைக்கப்பட்டது. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவு நூலைச் சுருட்டி வைப்பதை ஒருமுறையாவது பார்த்தவர்கள் அந்த நெருக்கத்தை ஊகித்துக்கொள்ளலாம். நம் உடம்பின் ஒரே ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை எல்லாம் நீட்டி ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும்.

டிஎன்ஏவில் நான்கே வகை எழுத்துகள். அந்த நான்கும் முன்பின்னாக மாறி மாறி வருவதுதான் செய்தி. நெல்லின் ஒரு தொகுதி குரோமோசோம்களில் ஏறக்குறைய 40 கோடி எழுத்துகள் இருக்கின்றன. பல நாடுகள் பங்குபோட்டுக்கொண்டு இதைப் படித்து 2005-இல் வெளியிட்டன. 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியைப் படித்தது இந்திய விஞ்ஞானிகள். இந்த நீண்ட எழுத்து வரிசையில் ஒரு குறிப்பிட்ட வேலைக்கான பகுதிதான் மரபணு. பெரும்பாலும் அந்த வேலை, ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்று சொல்வது.

எண்ணிக்கை உயிருக்கு உயிர் மாறும். மனிதருக்கு 46, பசுவுக்கு 60, நெல்லுக்கு 24, வெங்காயத்துக்கு 16. உருளைக்கிழங்குக்கு 48 இருக்கிறது, நம்மைவிட இரண்டு கூட. ஆகவே எண்ணிக்கை கூடினால் மேலான உயிர் என்று நினைக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று: இவை பெரும்பாலும் ஜோடிகள் (உருளைக்கிழங்கு ஒரு விதிவிலக்கு, அதில் நான்கு தொகுதி). நெல்லின் 24 என்பது 12 ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் வழி வந்தது, மற்றது தந்தை வழி வந்தது. அதனால் ஒவ்வொரு மரபணுவும் ஒரு செல்லில் இரண்டு பிரதிகளாக இருக்கும். இந்த ஒரு வரியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

மாமாவின் பூவன் வாழைக்கு ஆனால் 33. இரண்டால் வகுபடாத எண். இதற்குப் பிறகு வருகிறேன்.

நாற்று நட்டு மூன்று வாரம் கழித்து வயலைப் பார்த்தால் ஒற்றை நாற்றாக நட்டது பத்து, இருபது கிளையாகத் தூர் கட்டியிருக்கும். அத்தனை தண்டும், இலையும், வேரும் ஒரே ஒரு செல்லிலிருந்து வந்தவை. ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது, நாலு எட்டாகிறது. இதற்கு மைட்டாசிஸ் என்று பெயர். பிரிவதற்கு முன் செல் தன் டிஎன்ஏ முழுவதையும் ஒருமுறை நகல் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு குரோமோசோமும் சுருங்கித் தடித்து, இரட்டை இழையாக நடுக்கோட்டில் வந்து நிற்கும். இரண்டு பக்கமிருந்தும் மெல்லிய இழைகள் பிடித்து இழுக்க, இரட்டை பிரிந்து ஆளுக்கு ஒன்றாக எதிரெதிர்த் திசையில் போகும். நடுவில் சுவர் விழும். 24 இருந்த செல், 24 உள்ள இரண்டு செல்களாகிவிடும். எழுத்துக்கு எழுத்து அதே நகல்.

எப்போதாவது ஒரு எழுத்துப் பிழை விழும், அது உண்மைதான். பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திவிடும். தப்பிப் போகும் பிழைகளுக்குச் சடுதிமாற்றம் என்று பெயர். பின்னால் வரப்போகும் வெள்ளை அரிசியும் குட்டை நெல்லும் அப்படித் தப்பிய பிழைகள்தான்.

ஒரு தூரில் இருக்கும் இருபது கதிரும் ஒரே செடி என்பது இதனால்தான். அறுத்த பிறகு தாளடியிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும் அதே செடி. வாழையில் பக்கக் கன்றைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டாலும் அப்படியே. பெயர்த்து நட்டது தாயின் பிள்ளை என்று நாம் சொன்னாலும், மரபணுக் கணக்கில் அது தாயேதான். மாமாவின் பூவன் முப்பது வருஷமாக மாறாததற்கு இதுதான் காரணம். "வாழையடி வாழை" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது எவ்வளவு துல்லியம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும்.

இதில் ஒரு ஆபத்தும் உண்டு. தோப்பு முழுவதும் ஒரே செடி என்றால், ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையால் வரும் பனாமா வாடல் நோய் ரஸ்தாளியைப் படுத்தும் பாடு திருச்சிப் பக்கம் வாழை போடுபவர்களுக்குத் தெரியும். தாக்குப்பிடிக்கும் ஒரு கன்றாவது இருக்காதா என்று தேடினால், அந்த வித்தியாசமே தோப்பில் இல்லை.

சரி, நெல்லுக்கு வருவோம். நெல்லும் வாழைபோலவே நகலெடுத்துக்கொண்டு போகலாம்தானே? தூர் கட்டும்வரை அப்படித்தான் போகிறது. கதிர் உருவாகும்போது கணக்கு மாறுகிறது.

கதிர் வெளியே வருவதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் முன்னால், அது இன்னும் இலையுறைக்குள் தொண்டைக் கதிராக இருக்கும்போது, யார் கண்ணுக்கும் தெரியாமல் ஒரு தனிவகைச் செல் பிரிவு நடக்கிறது. மகரந்தமும் சூல் செல்லும் உருவாகும் பிரிவு இது. மியாசிஸ், தமிழில் குன்றல் பிரிவு. மகரந்தத்தில் 24, சூல் செல்லில் 24 என்று இருந்தால் சேரும்போது 48 ஆகிவிடும், அடுத்த தலைமுறையில் 96. அது நடக்காமல் இருக்க எண்ணிக்கை பாதியாகக் குன்ற வேண்டும்.

எப்படிக் குன்றுகிறது என்பதுதான் அழகு. டிஎன்ஏ ஒருமுறை நகலாகிறது, ஆனால் செல் இரண்டு முறை பிரிகிறது. முதல் பிரிவுக்கு முன் தாய்வழி வந்த குரோமோசோம் தன் தந்தைவழி ஜோடியைத் தேடிப் பக்கத்தில் போய் ஒட்டி நிற்கும். 12 ஜோடியும் அப்படி நிற்கும். ஒட்டி நிற்கும்போது இரண்டும் அங்கங்கே துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பாடநூலில் இதற்குக் குறுக்கெதிர் மாற்றம் என்று பெயர். அப்புறம் ஜோடி பிரியும்: ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். எது எந்தப் பக்கம் போகும் என்பதற்கு எந்த விதியும் கிடையாது. பூவா தலையா போட்ட மாதிரிதான். இரண்டாவது பிரிவில் நகல்களும் பிரிந்து, ஒரு செல்லிலிருந்து 12 குரோமோசோம் மட்டும் உள்ள நாலு செல்கள் வரும்.

12 ஜோடிக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போட்டால் எத்தனை விதமாக விழும்? இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 4,096. மனிதருக்கு 23 ஜோடி, அதனால் 83,88,608. துண்டு மாற்றிக்கொள்வதைச் சேர்த்தால் இந்த எண்ணுக்கும் முடிவில்லை. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பி ஒரே மாதிரி இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

இந்தப் பிரிவு மிக நுட்பமானது. அந்தச் சில நாட்களில் தண்ணீர் இல்லாமல் வயல் வெடித்தாலோ, கடுங்குளிர் வந்தாலோ மகரந்தம் சரியாக உருவாகாது. செடி பச்சையாகவே நிற்கும், கதிரும் வரும், ஆனால் பாதி பதர். தொண்டைக் கதிர் சமயத்தில் தண்ணீரை விடாதே என்று கடைமடைக்காரர்கள் அடித்துக்கொள்வதன் பின்னால் இருப்பது இதுதான். பதருக்குப் பூச்சி, நோய், ஊட்டம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் முதலில் இந்த நாட்களைத்தான் நான் கேட்பேன்.

இப்போது வாழையின் 33. வாழைக்கு அடிப்படைத் தொகுதி 11 குரோமோசோம். பூவனிலும் ரஸ்தாளியிலும் இருப்பது மூன்று தொகுதி. காட்டு வாழையில் இரண்டு இனங்கள் கலந்து, ஒன்றிடமிருந்து இரண்டு தொகுதியும் மற்றதிடமிருந்து ஒரு தொகுதியும் வந்தவை. நகலெடுக்கும் மைட்டாசிஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, 33-ஐ நகலெடுத்து 33-ஆகப் பிரித்துவிடும். ஆனால் குன்றல் பிரிவில் ஜோடி சேர்ந்து நிற்க வேண்டுமே. மூன்று பேர் எப்படி ஜோடி சேர்வது? பிரிவு குழம்பிப் போகிறது, விதை உருவாவதில்லை. நாம் விதை இல்லாமல் வாழைப்பழம் சாப்பிடுவது இந்தக் குழப்பத்தின் தயவில். காட்டு வாழைப்பழத்தைப் பிளந்து பார்த்தால் மிளகைவிடப் பெரிதாகக் கறுத்த கல்போன்ற விதைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

ஆக, வாழை நகலாகிறது. நெல் ஒவ்வொரு முறையும் சீட்டைக் கலைத்துப் போட்டுத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆனால் நெல்லும் வருஷா வருஷம் ஒரே மாதிரிதானே விளைகிறது என்று கேட்கலாம். நெல் பூ காலையில் பத்து மணி வாக்கில் திறக்கும். ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஆனால் திறக்கும் அந்த நொடியிலேயே தன் மகரந்தம் தன் சூலகமுடியில் விழுந்துவிடும், சில மணி நேரத்தில் பூவும் மூடிக்கொள்ளும். தன் மகரந்தச் சேர்க்கை. பல தலைமுறை இப்படியே போனால் ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு பிரதியும் ஒரே மாதிரி ஆகிவிடும். அப்புறம் கலைத்துப் போட்டாலும் அதே சீட்டுதான் வரும். வெளி மகரந்தம் வந்து சேர்வது பொதுவாக நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. விதைச் சான்று விதியில் இரண்டு நெல் ரகங்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி இருந்தால் போதும் என்று வைத்திருப்பது இதனால்தான். மாமாவின் வயலுக்கும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் நடுவே இருப்பது ஒரு வரப்பு.

நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு மா நிலத்தில் எத்தனை லட்சம் பூ பூக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த ஒரு பூவைத் தொடர்ந்து போவோம். வெள்ளைப் பொன்னிப் பூ ஒன்றில் பக்கத்து வயலின் மகரந்தம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரிசியின் சிவப்பு அதன் தவிட்டுத் தோலில் இருப்பது. அந்த நிறத்துக்கு முக்கியமான மரபணு 7-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. வெள்ளை அரிசி ரகங்களில் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. எழுத்து விடுபட்டதால் மரபணு வேலை செய்யவில்லை, தோலில் நிறம் இல்லை. வெள்ளைக்கென்று தனியாக எதுவும் கிடையாது, சிவப்பு செய்யத் தெரியாததுதான் வெள்ளை. நம் முன்னோர் யாரோ ஒருவர் கண்ணில் அந்தப் பிழை பட்டு, அவர் அதைப் பொறுக்கி விதைத்திருக்கிறார்.

சிவப்புப் பிரதி ஒன்று, வெள்ளைப் பிரதி ஒன்று ஒரே செடியில் சேர்ந்தால் என்ன ஆகும்? பாலும் தண்ணீரும்போலக் கலந்து வெளிறிய நிறம் வரும் என்றுதான் தோன்றும். வராது. வேலை செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே நிறம் உண்டாகிவிடும். ஆகவே சிவப்பு ஓங்கு தன்மை, வெள்ளை ஒடுங்கு தன்மை. ஒடுங்கியது அழியவில்லை. சிவப்புக்குப் பின்னால் எழுத்து மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அப்படியென்றால் கலந்த அந்த நெல்மணி உடனே சிவப்பாக இருக்க வேண்டுமே? இங்கேதான் மாமாவின் இரண்டாவது கேள்விக்கு விடை. நெல்மணிக்குள் இருக்கும் கருதான் புதுத் தலைமுறை. அதைச் சுற்றியுள்ள தவிட்டுத் தோல் தாய்ச் செடியின் உடம்பு. கரு கலப்பாக இருந்தாலும் தோல் வெள்ளைப் பொன்னியின் தோல், ஆகவே வெள்ளை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அம்மா உடுத்தியிருக்கும் சேலையை வைத்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாதுதானே. அந்த நெல்லை விதைத்து, அது செடியாகி, அந்தச் செடி தன் சொந்த உடம்பிலிருந்து தோலைச் செய்யும்போதுதான் சிவப்பு வெளிப்படும். ஒரு வருஷம் ஒளிந்திருந்தது இப்படித்தான். ஒரு கதிரில் எல்லாமே சிவப்பாக, இன்னொன்றில் எல்லாமே வெள்ளையாக இருந்ததற்கும் இதுவே காரணம்: ஒரு செடியின் எல்லாத் தோலும் ஒரே தாயின் தோல்.

அடுத்த தலைமுறைக்குப் போவோம். அந்தக் கலப்புச் செடி தன்னையே சேர்த்துக்கொள்ளும். மகரந்தத்தில் பாதி சிவப்புப் பிரதியைக் கொண்டு போகும், பாதி வெள்ளையை. சூல் செல்லிலும் அப்படியே. இரண்டு காசுகளை ஒன்றாகச் சுண்டுங்கள்: பூ பூ, பூ தலை, தலை பூ, தலை தலை. நாலு வழி. இதில் மூன்று வழியில் ஒரு சிவப்பாவது இருக்கிறது. ஒரு வழியில் மட்டும் இரண்டும் வெள்ளை. ஆகவே அந்த விதைகளிலிருந்து வரும் செடிகளில் நாலில் மூன்று சிவப்பு, நாலில் ஒன்று வெள்ளை. சிவப்புச் செடிகளில் மூன்றில் இரண்டு உள்ளே இன்னும் வெள்ளையை மறைத்து வைத்திருக்கும்.

இந்த மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கை முதலில் கண்டவர் கிரிகோர் மெண்டல். இன்றைய செக் குடியரசில் இருக்கும் புர்னோ நகர மடத்துத் துறவி. 1856 முதல் எட்டு ஆண்டுகள், ஏறத்தாழ 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் சேர்த்தால் முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. அதைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் 787 நெட்டை, 277 குட்டை. காணாமல் போன குட்டை நாலில் ஒன்றாகத் திரும்பி வந்தது. அவருக்கு முன்பும் எத்தனையோ பேர் செடிகளைக் கலந்திருக்கிறார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணி, அந்த எண்ணைக் கேள்வி கேட்டதில்தான் மெண்டல் தனித்து நிற்கிறார். 1865-இல் தன் முடிவுகளை அறிவியல் கழகக் கூட்டத்தில் வாசித்தார், அடுத்த ஆண்டு அச்சிலும் வந்தது. யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1900-இல்தான் உலகம் அதைக் கண்டெடுத்தது. அப்போது குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து பிரிவதையும் விஞ்ஞானிகள் நுண்ணோக்கியில் பார்த்திருந்தார்கள். மெண்டல் காகிதத்தில் போட்ட கணக்கும் இவர்கள் கண்ணால் பார்த்ததும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

நெட்டை, குட்டை என்றதும் டெல்டாக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும். நம் பழைய ரகங்கள் நெட்டை. காட்டுயானம் ஆள் உயரத்துக்கும் மேலே போகும். வைக்கோல் நிறையக் கிடைக்கும், மாட்டுக்கு நல்லது. ஆனால் உரம் கூடினால் கதிர் கனத்து, ஐப்பசி கார்த்திகை மழைக் காற்றில் பயிர் படுத்துவிடும். 1962-இல் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டா என்ற இந்தோனேசிய நெட்டை ரகத்தையும், தீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டை ரகத்தையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. இரண்டாவதில் நாலில் ஒன்று குட்டை. மெண்டலின் பட்டாணி அப்படியே நெல்லில். ஒரே ஒரு ஒடுங்கு மரபணு, அவ்வளவுதான் என்று தெரிந்ததும் வேலை சுலபமாகிவிட்டது: குட்டையாக வந்தவை எல்லாவற்றிலும் இரண்டு பிரதியும் குட்டை, இனி அவை நெட்டையை ஈனாது. அதிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் 1966-இல் வந்த ஐ.ஆர். 8. அதற்குச் சற்று முன்னால், ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கோவையில் உருவான ஜி.ஈ.பி. 24 ரகத்தையும் சேர்த்து உருவான ஆடுதுறை 27 தஞ்சை வயல்களில் பரவியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922-இலிருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் வேலையை நம் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லாமல் பட்டாணியை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

குட்டை மரபணு எது என்று 2002-இல் கண்டுபிடித்தார்கள். 1-ஆம் குரோமோசோமில் சுமார் 380 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மரபணு. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செய்யும் வழியில் அதற்கு வேலை. மெண்டலின் குட்டைப் பட்டாணியில் கெட்டுப்போயிருந்ததும் அதே ஜிப்ரலின் வழியில் உள்ள இன்னொரு மரபணு. இந்த ஹார்மோனே முதலில் தெரியவந்தது நெல் வயலில்தான்: ஒரு பூஞ்சை தாக்கிய நாற்று மட்டும் சோகையாக விறுவிறுவென உயர்ந்து சாவதை ஆராய்ந்த குரோசாவா என்ற ஜப்பானியர், அந்தப் பூஞ்சை சுரக்கும் பொருளே காரணம் என்று 1926-இல் காட்டினார்.

எல்லாமே மூன்றுக்கு ஒன்று என்று விழுவதில்லை. வீட்டு வாசலில் அந்திமந்தாரை இருந்தால் சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் சேர்த்துப் பாருங்கள், இளஞ்சிவப்பு வரும். அங்கே ஒரு பிரதி செய்யும் நிறம் போதவில்லை. ஆனால் அந்த இளஞ்சிவப்பைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு இரண்டு, வெள்ளை ஒன்று என்று பிரிந்துவிடும். பூவின் நிறம் கலந்ததுபோலத் தெரிந்தாலும் மரபணுக்கள் கலக்கவில்லை. மனிதரின் உயரம், தோல் நிறம் போன்றவற்றில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போடுகின்றன, சாப்பாடும் வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. அதனால் அவற்றில் நாலில் மூன்று என்றெல்லாம் கணக்குப் போட முடியாது.

மனிதர் என்றதும் மூன்று விஷயங்களைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இரத்த வகை. அப்பா ஏ, அம்மா பி, பிள்ளை ஓ. எப்படி என்று சந்தேகப்பட்டுக் குடும்பத்தில் பேச்சு கிளம்பியதை நானே பார்த்திருக்கிறேன். ஏ-யும் பி-யும் ஓங்கியவை, ஓ ஒடுங்கியது. ஏ வகைக்காரரிடம் ஒரு ஓ பிரதியும், பி வகைக்காரரிடம் ஒரு ஓ பிரதியும் மறைந்திருக்கலாம். அப்படி இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு ஏ, பி, ஏபி, ஓ என நாலு வகையும் வர வாய்ப்பு உண்டு. அந்த அம்மாவைச் சந்தேகிக்க இதில் ஒன்றுமே இல்லை.

ஆணா பெண்ணா. நம் 23-ஆவது ஜோடி பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ், ஆணுக்கு எக்ஸ் ஒய். அம்மா தர முடிந்தது எக்ஸ் மட்டும். அப்பாவின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எது வந்து சேர்கிறதோ அதுதான் தீர்மானிக்கிறது. பெண்ணாகவே பெற்றாள் என்று ஒரு பெண்ணைச் சொல்வது அறிவியல்படி பொய், மனிதத்தன்மையும் இல்லை. இதே கணக்கில்தான் சிவப்பு பச்சை நிறக்குருடு ஆண்களிடம் அதிகம் தெரிகிறது: அந்த மரபணு எக்ஸில் இருக்கிறது, ஆணுக்கு மாற்றுப் பிரதி கிடையாது.

மூன்றாவது, சொந்தத்தில் திருமணம். நம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று முடிப்பது இன்னும் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் ஏதாவது சில கெட்ட ஒடுங்கு பிரதிகள் மறைந்திருக்கும். நல்ல பிரதி ஒன்று கூட இருப்பதால் தெரியாது. ஒரு தாத்தாவிடம் அப்படி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அவர் மகனுக்கு அது போக பாதி வாய்ப்பு, பேரனுக்குக் கால். மகள் வழிப் பேத்திக்கும் கால். பேரனும் பேத்தியும் மணந்துகொண்டால் இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு 16-இல் ஒன்று, பிள்ளைக்கு இரண்டு பிரதியும் சேர்ந்து நோயாக வர 64-இல் ஒன்று. தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் 32-இல் ஒன்று. இது ஒரே ஒரு தாத்தாவின் ஒரே ஒரு பிரதிக்கான கணக்கு. பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே போகும்போது வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். தலசீமியா என்ற பரம்பரை இரத்தச் சோகை போன்ற நோய்களுக்கு மறைவாகச் சுமப்பவரா என்று இரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். சொந்தத்தில் முடிக்கத்தான் வேண்டும் என்றால், ஜாதகம் பார்க்கும் நாளில் இதையும் பார்த்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையும் கேட்டுவிட்டு மாமா, "அப்ப கலப்புன்னாலே கெடுதல்தானா?" என்றார். இல்லை. சம்பாவுக்கு நம் பக்கம் நிறையப் போடும் சி.ஆர். 1009 என்ற நெல் ரகம் வெள்ளத்தில் மூழ்கினால் தாங்காது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல் இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும், ஆனால் விளைச்சல் குறைவு. அதன் பலம் 9-ஆம் குரோமோசோமில் உள்ள சப் 1 என்ற பகுதியில் இருக்கிறது. சாதாரண நெல் தண்ணீருக்குள் மூச்சுக்காக எட்டி எட்டி வளர்ந்து, இருக்கும் சத்தைத் தீர்த்துக்கொண்டு சாகும். சப் 1 உள்ள நெல் ஜிப்ரலினின் உந்துதலை அடக்கி, வளராமல் அடங்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். இந்த ஒரு குணத்தை மட்டும் எப்படி எடுத்து வருவது? முதல் கலப்பில் ஒடிசா நெல்லின் பங்கு பாதி. அந்தப் பிள்ளையைத் திரும்பவும் நம் ரகத்தோடு சேர்த்தால் சராசரியாகக் கால். இன்னொரு முறை, அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. இன்னொரு முறை, மாகாணி, பதினாறில் ஒன்று. ஒவ்வொரு முறையும் சப் 1 இருக்கிறதா என்று டிஎன்ஏவைச் சோதித்துப் பார்த்து, இருப்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இப்படித்தான் சி.ஆர். 1009 சப் 1 கிடைத்தது.

அரைக்கால், மாகாணி என்றதும் மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. வயலுக்குப் போவோம் என்று எழுந்துவிட்டார்.

போனோம். ஒரு தூருக்கு ஒரு நெல்லை உரித்தால் போதும் என்று சொன்னேன், தூர் முழுவதும் ஒரே செடி, ஒரே தோல் என்பதால். வெள்ளை என்று உரிந்த தூரில் அந்த மரபணு இரண்டு பிரதியும் வெள்ளைதான், சந்தேகமே வேண்டாம். அப்படிப் பார்த்த தூர்களை, மாப்பிள்ளைச் சம்பா வரப்பிலிருந்து தள்ளி வயலின் நடுவில், விதைக்கென்று தனியாக அறுத்துவைத்தார். சிவப்புத் தூர்களை வேரோடு பிடுங்கினோம், மறுதாம்பு விடக் கூடாது என்பதற்காக.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். அந்தச் சிவப்பு உண்மையிலேயே பூவில் கலந்ததா, இல்லை அறுவடை எந்திரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த மாப்பிள்ளைச் சம்பா விதையா? எங்கள் பக்கம் கலப்பு பெரும்பாலும் எந்திரத்திலும் களத்திலும்தான் நடக்கிறது. இதற்கு மெண்டலின் வழியே வழி. ஒரு சிவப்புத் தூரின் நெல்லை மட்டும் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவைத்தோம். இந்தச் சம்பாவில் அதிலிருந்து நூறு நாற்றை வயல் மூலையில் கயிறு கட்டிப் பிரித்து, ஒற்றை ஒற்றையாக நட்டிருக்கிறார். விதை மாறி வந்ததென்றால் நூறும் சிவப்பாக இருக்கும். கலப்பு என்றால் கிட்டத்தட்ட இருபத்தைந்து தூரில் வெள்ளை திரும்பி வரும். இப்போதுதான் தூர் கட்டியிருக்கிறது. தையில் கதிர் முற்றியதும் இரண்டு பேருமாக உட்கார்ந்து உரித்து எண்ணப்போகிறோம்.